எந்தக் கதவைத் தட்டுவது?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது நைஜீரியாவின் உள்ளாட்சி. அந்த நாட்டின் எண்ணெய் வளம் நமக்குத் தெரியும். அதன் கால்பந்து தெரியும், அதன் எழுத்தாளர்கள் அச்செபேயும் சோயிங்காவும் தெரியும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் எத்தனையோ பேர் அங்கே பள்ளி ஆசிரியர்களாகப் போனார்கள்; அவர்களுடைய பிள்ளைகள் இந்த அரங்கிலேயே இருக்கக்கூடும். அந்த ஆசிரியர்கள் பாடம் நடத்திய ஊர்களில் குப்பை அள்ளுவது யார் பொறுப்பு? சந்தைக்குக் கூரை போடுவது யார் பொறுப்பு? செய்யவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் பதில் வருமா? இந்தக் கேள்விகளைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில், சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1999-ஆம் ஆண்டு அரசமைப்பின் நான்காம் அட்டவணையை எடுத்துப் படித்தால் ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதும் அதில் இருக்கிறது. குழந்தை பிறந்தால் பதிவு செய்வது உள்ளாட்சி. திருமணத்தைப் பதிவு செய்வது உள்ளாட்சி. இறந்தால் பதிவதும் உள்ளாட்சி, இடுகாட்டைப் பராமரிப்பதும் உள்ளாட்சி. சந்தை, இறைச்சிக்கூடம், மோட்டார் பார்க் எனப்படும் வண்டி நிலையம், பொதுக் கழிப்பிடம், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை எல்லாம் உள்ளாட்சி. மிதிவண்டிக்கும் தோணிக்கும் தள்ளுவண்டிக்கும் உரிமம் கொடுப்பதுகூட உள்ளாட்சிதான். தொடக்கக் கல்வியிலும் சுகாதாரத்திலும் மாநில அரசோடு அதற்குப் பங்கு உண்டு. இப்படி நாடு முழுவதும் 774 உள்ளாட்சிகள். 36 மாநிலங்களில் 768, தலைநகர் அபுஜாவைச் சேர்ந்த கூட்டரசுப் பகுதியில் 6. ஒவ்வொன்றுக்கும் ஒரு சேர்மன், வார்டுக்கு ஒரு கவுன்சிலர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றங்களே உள்ளாட்சியை நடத்தும் என்று அதே அரசமைப்பின் 7-ஆம் பிரிவு உறுதி கொடுக்கிறது.

பணமும் இல்லாமல் இல்லை. எண்ணெய் வருவாயும் மற்ற பொது வருவாயும் கூட்டரசுக் கணக்கு என்ற பொதுக் கணக்கில் சேர்கின்றன. மாதந்தோறும் அபுஜாவில் ஒரு குழு கூடி அதைப் பங்கிடுகிறது. கூட்டரசுக்கு 52.68 விழுக்காடு, மாநிலங்களுக்கு 26.72 விழுக்காடு, உள்ளாட்சிகளுக்கு 20.60 விழுக்காடு. அந்த நாட்டு நாணயத்தில் நூறு நைரா வந்தால் இருபது நைரா ஊருக்கு! உலகின் பல நாடுகளில் உள்ளாட்சிக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய பங்கு இது.

அப்படியானால் சிக்கல் எங்கே இருக்கிறது? பணம் நடந்து வரும் பாதையில் இருக்கிறது.

அரசமைப்பின் 162-ஆம் பிரிவு ஒரு கூட்டுக் கணக்கைப் பற்றிச் சொல்கிறது. மாநில அரசு அந்தக் கணக்கைப் பராமரிக்க வேண்டும்; உள்ளாட்சிகளுக்கு வரும் பணம் அதில் வந்து சேர வேண்டும்; அங்கிருந்து உள்ளாட்சிகளுக்குப் போக வேண்டும். எழுதியவர்கள் என்ன நினைத்தார்களோ, நடைமுறையில் அந்தக் கணக்கின் சாவி ஆளுநரின் கைக்குப் போனது. கவனியுங்கள், நைஜீரியாவில் ஆளுநர் என்றால் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மாநிலத் தலைவர். நம் ஊர் முதலமைச்சரைப் போலப் பெருஞ்செல்வாக்கு உள்ளவர். உள்ளாட்சியின் பணம் அவர் வீட்டு வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று ஆகிவிட்டது.

வாசலில் என்ன நடந்தது? இதை ஒரு எதிர்க்கட்சிக்காரர் சொல்லியிருந்தால் நான் இங்கே எடுத்து வந்திருக்க மாட்டேன். நாட்டின் தலைவராகப் பதவியில் இருந்த முகம்மது புகாரியே 2022 டிசம்பரில் ஒரு பொதுமேடையில் சொன்னார். ஓர் உள்ளாட்சிக்கு நூறு மில்லியன் நைரா வருகிறது என்று வையுங்கள். சேர்மன் கைக்கு ஐம்பது மில்லியன் தரப்படுகிறது. ஆனால் நூறு மில்லியன் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கப்படுகிறது. மீதி ஆளுநருக்குப் போகிறது என்ற பொருளில் அவர் பேசினார். எட்டு ஆண்டு ஆட்சியின் கடைசிப் பகுதியில் நின்றுகொண்டு, அடுத்தவர்களுக்குப் பாடமாக அதைச் சொன்னார்.

அந்தச் சேர்மனைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு முழுப் பணத்துக்குக் கையெழுத்துப் போட்டவர், ஊர் மக்கள் முன்னால் நின்று எந்தக் கணக்கைக் காட்டுவார்? உண்மைக் கணக்கைக் காட்டினால் ஆளுநரைக் காட்டிக்கொடுத்தவர் ஆவார். பொய்க் கணக்கைக் காட்டினால் மீதி ஐம்பதைத் தின்றவர் என்ற பழி அவர் தலையில் விழும். ஆகவே கணக்கையே காட்டாமல் இருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. பெரும்பாலான உள்ளாட்சிகளின் பட்ஜெட் பொதுமக்கள் கண்ணில் படுவதே அரிதாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். வெறும் சோம்பல் இல்லை அது. வாய் கட்டப்பட்டவரின் மௌனம்.

இன்னொரு பக்கம் பாருங்கள். அதே ஊரின் சந்தையில் மீனோ தக்காளியோ விற்கும் பெண்மணி காலையில் கடை விரிப்பதற்குள் வசூல்காரர் வந்துவிடுகிறார். டிக்கெட் கிழித்துக் கொடுத்துக் காசு வாங்கிப் போகிறார். மோட்டார் பார்க்கில் ஓட்டுநருக்கு ஒரு டிக்கெட். தள்ளுவண்டிக்காரருக்கு ஒரு டிக்கெட். அரசாங்கம் என்பது அவர்கள் வாழ்க்கைக்குள் நாள்தோறும் வருவது இந்த டிக்கெட் வடிவில்தான். ஆனால் அந்தக் காசு எங்கே போனது என்று அந்தப் பெண்மணி எங்கே கேட்பார்? சந்தைக் கழிப்பிடத்தைக் காட்டிக் கேட்டால், பணம் மாநிலத்தில் நிற்கிறது என்பார் சேர்மன். மாநிலத்தில் கேட்டால், அது உள்ளாட்சியின் வேலை என்பார்கள். கேள்வி கேட்கும் மனமும் நாவும் அந்த மக்களுக்கு உண்டு. கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கதவைத்தான் அவர்களிடமிருந்து மறைத்துவிட்டார்கள். நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான்.

நைஜீரிய மக்கள் அலட்சியக்காரர்கள், உள்ளூர் ஆட்சியில் அக்கறை இல்லாதவர்கள் என்று எழுதுபவர்கள் உண்டு. அவர்களை நான் வரலாற்றுக்கு அழைக்கிறேன். 1929-க்கு வாருங்கள்!

அன்றைக்கு நைஜீரியா ஆங்கிலேயர் ஆட்சியில். தென்கிழக்கில் வாழும் இக்போ மக்களில் பெரும்பாலோருக்குத் தலைமுறை தலைமுறையாக அரசர் என்று எவரும் கிடையாது. ஊர் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். ஆங்கிலேயர்களுக்கு அது வசதிப்படவில்லை. ஆணை எழுதிக் கொடுத்து ஆட்களைத் தலைவர்களாக நியமித்தார்கள். ஊர் தேர்ந்தெடுக்காத தலைவர். ஆகவே ஊருக்குப் பதில் சொல்ல வேண்டாத தலைவர். 1929 நவம்பரில் ஒலோகோ என்ற ஊரில் ஒக்குகோ என்ற அப்படிப்பட்ட தலைவரின் ஆள், நுவான்யெருவா என்ற பெண்ணின் வீட்டுக்குள் வந்தார். அந்த அம்மையார் பனையெண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். உன் ஆடுகள் எத்தனை, வீட்டில் ஆட்கள் எத்தனை, எண்ணிச் சொல் என்றார் வந்தவர். எண்ணுவது எதற்கென்று அந்த அம்மாவுக்குத் தெரியும். ஆண்களை எண்ணினார்கள், ஆண்களுக்கு வரி வந்தது. இப்போது பெண்களை எண்ணுகிறார்கள்! அவர் சண்டை பிடித்தார், ஓடிப்போய் மற்றப் பெண்களிடம் சொன்னார். பனையோலை ஊர் ஊராகப் போனது. ஓலை வந்தால் புறப்பட வேண்டும் என்று பொருள்.

ஆயிரக்கணக்கில் பெண்கள் திரண்டார்கள். தவறு செய்த ஆணின் வீட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்து, இரவு பகலாகப் பாடி, ஆடி, அவன் வந்து பதில் சொல்லும்வரை நகராமல் இருப்பது அவர்களுடைய பழைய வழக்கம். அந்த வழக்கத்தை அரசாங்கத்தின் முற்றத்துக்கே கொண்டு போனார்கள். தலைவர்களின் அடையாளத் தொப்பிகளைப் பறித்தார்கள், நியமன நீதிமன்றங்களைத் தாக்கினார்கள். துப்பாக்கி பதில் சொன்னது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் கொல்லப்பட்டார்கள். ஆனால் ஒக்குகோ சிறைக்குப் போனார். அடுத்த சில ஆண்டுகளில் அந்த நியமன முறையையே ஆங்கிலேயர்கள் கைவிட வேண்டி வந்தது. அக்கறை இல்லாத மக்களா அவர்கள்?

இன்னும் பதினெட்டு ஆண்டு கழித்து, மேற்கே யொருபா மக்கள் வாழும் பகுதியில், அபேகுடா நகரம். அங்கே அரசர் உண்டு. அலாகே என்று அவருக்குப் பட்டம். ஆங்கிலேயர்கள் அவரையே உள்ளூர் ஆட்சியின் ஒரே அதிகாரியாக ஆக்கி வைத்திருந்தார்கள். பெண்களுக்குத் தனி வரி. அதுவும் பதினைந்து வயதிலிருந்தே, ஆண் பிள்ளைகளுக்கு முன்னதாகவே. சந்தைப் பெண்களிடமிருந்து அரிசி பறிமுதல். இந்தக் குறைகளையெல்லாம் ஒன்றாகக் கட்டி எழுந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை, ஃபுன்மிலாயோ ரான்சம்-கூட்டி. பாடகர் ஃபேலாவின் தாயார் என்று பின்னாளில் உலகம் அவரை அறிந்தது. ஆனால் அந்த ஊரில் அவர் தன் பெயரிலேயே பெரியவர்.

அவர் செய்த வேலையில் நான் மிகவும் மதிப்பது ஒன்று உண்டு. படித்த பெண்களின் சங்கமாக இருந்ததை எழுத்தறியாத சந்தைப் பெண்களின் சங்கமாகவும் மாற்றினார். மனு எழுதத் தெரிந்த கையும், தினமும் வரி கொடுத்து நொந்த கையும் ஒரே சங்கத்தில் சேர்ந்தன. 1947 இறுதியில் பல்லாயிரம் பெண்கள் அலாகேயின் அரண்மனை முன் கூடினார்கள். இரவும் அங்கேயே தங்கினார்கள். அவரைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். வரி மட்டும் அவர்கள் கோரிக்கை இல்லை. வரி வாங்குகிறாய், ஆட்சியில் எங்களுக்கு இடம் எங்கே என்று கேட்டார்கள். 1949 ஜனவரியில் அலாகே ஊரை விட்டு வெளியேறினார். பெண்கள் மீதான வரி நீக்கப்பட்டது. புதிய உள்ளூர் மன்றத்தில் பெண்கள் உட்கார்ந்தார்கள்.

இந்த இரண்டு போராட்டங்களுக்கும் பொதுவாக ஒன்றைப் பாருங்கள். இரண்டிலும் கேள்விக்கு ஒரு வாசல் இருந்தது. ஒக்குகோவின் முற்றம் எங்கே என்று நுவான்யெருவாவுக்குத் தெரியும். அலாகேயின் அரண்மனை எங்கே என்று அபேகுடாவுக்குத் தெரியும். இன்றைய சந்தைப் பெண்மணி எந்த முற்றத்தில் போய் உட்கார்வார்?

விடுதலைக்குப் பிறகு அந்த வாசலை மூடியது யார்? பெரும்பகுதி ராணுவம் என்றே சொல்வேன். 1976-இல் ராணுவ ஆட்சி நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான உள்ளாட்சி முறையைக் கொண்டுவந்தது. மூன்றாம் அடுக்கு அரசு என்று அதற்கு மதிப்புக் கொடுத்தது. அது நல்ல காரியம், மறுக்கவில்லை. அப்போது 301 உள்ளாட்சிகள். அதன்பின் வந்த ராணுவத் தலைவர்கள் ஆணை போட்டு ஆணை போட்டு உடைத்துப் பெருக்கினார்கள். 1996-இல் சானி அபாச்சா காலத்தில் 774 ஆனது. இன்றுவரை அதே எண்ணிக்கைதான்; கானோ மாநிலத்துக்கு 44, பெருநகரமான லேகோஸுக்கு 20. மேலிருந்து வரும் பணம் உள்ளாட்சிகளின் எண்ணிக்கையைப் பார்த்தும் பங்கிடப்படுவதால், கோடு கிழித்தவர் பணத்தையும் பிரித்தவர் ஆனார். ஊர் கேட்டு உள்ளாட்சி பிறக்கவில்லை, ராணுவ முகாமிலிருந்து பிறந்தது. எண்ணெய்ப் பணமும் ராணுவ ஆணையும் சேர்ந்தபோது, சேர்மனுடைய முகம் ஊரைப் பார்க்காமல் மேலே பார்க்கப் பழகிவிட்டது.

சரி, மாற்ற முயலவில்லையா? முயன்றார்கள். 2019 ஜூனில் நாட்டின் நிதிப் புலனாய்வு அமைப்பு ஒரு விதி கொண்டுவந்தது: உள்ளாட்சிக் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து லட்சம் நைராவுக்கு மேல் ரொக்கமாக எடுக்கக் கூடாது, கூட்டுக் கணக்கில் வரும் பணம் உள்ளாட்சிகளின் கணக்குக்குத்தான் போக வேண்டும் என்று. ஆளுநர்கள் எதிர்த்தார்கள். பிறகு நாடாளுமன்றம் அரசமைப்பையே திருத்தப் பார்த்தது. 36 மாநிலச் சட்டமன்றங்களில் 24 ஒப்புக்கொண்டால் போதும். ஒப்புக்கொள்ளவில்லை. 2023 மார்ச்சில் புகாரி கையெழுத்திட்ட திருத்தங்களில் உள்ளாட்சி நிதி விடுதலை இடம்பெறவில்லை. மாநிலச் சட்டமன்றங்கள் யார் சொல்லைக் கேட்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் வழக்கு. 2024 மே மாதம் கூட்டரசின் தலைமை வழக்கறிஞர் 36 மாநிலங்கள் மீதும் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2024 ஜூலை 11 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதி இமானுவேல் அகிம் தலைமைத் தீர்ப்பை வாசித்தார். உள்ளாட்சிப் பணத்தை மாநிலம் பிடித்து வைத்துக்கொள்வது அரசமைப்புக்கு விரோதம். பணம் நேராக உள்ளாட்சிக்கே போக வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத இடத்தில், ஆளுநர் நியமித்த தற்காலிகக் குழுவுக்குப் பணம் கிடையாது. நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டிய தீர்ப்புதான்!

ஆனால் நண்பர்களே, தீர்ப்புக்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். தேர்தல் நடத்தாத மாநிலங்கள் அவசரம் அவசரமாகத் தேர்தல் நடத்தின. அனாம்ப்ரா மாநிலத்தில் 2014 ஜனவரிக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே கிடையாது. பத்து ஆண்டுக்கு மேல் நியமன ஆட்கள். 2024 செப்டம்பரில் தேர்தல் வந்தது. 21 சேர்மன் பதவிகள், 21-ம் ஆளுங்கட்சிக்கு. அக்டோபரில் கானோ. 44 சேர்மன் பதவிகள், 44-ம் ஆளுங்கட்சிக்கு. ரிவர்ஸ் மாநிலத்தில் நடந்தது இன்னும் வேதனை. அங்கே ஆளுநருக்கும் அவருடைய கட்சியில் ஒரு பகுதிக்கும் பகை. அவருடைய ஆதரவாளர்கள் அதுவரை பலரும் கேள்விப்பட்டிராத ஒரு சிறு கட்சியின் பெயரில் நின்றார்கள். 23 இடங்களில் 22 அந்தக் கட்சிக்கு! சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலையே ரத்து செய்தது.

எப்படி நடக்கிறது இது? மாநிலத் தேர்தல் ஆணையத்தின் உறுப்பினர்களை நியமிப்பவர் ஆளுநர். அதற்குப் பணம் கொடுப்பவரும் ஆளுநர்தான். நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சியைத் தோற்கடிக்கத் தெரிந்த அதே வாக்காளர்கள், உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் ஒரே வரிசையில் ஒரே கட்சிக்கு வாக்குப் போடுவார்களா? அபுஜா கூட்டரசுப் பகுதியில் உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநில ஆணையம் அல்ல, நாட்டின் தேசியத் தேர்தல் ஆணையம். 2022 பிப்ரவரியில் அங்கே நடந்த தேர்தலில் ஆறு இடங்களில் மூன்று ஒரு கட்சிக்கு, மூன்று மற்றொரு கட்சிக்கு. நாட்டை ஆண்ட கட்சியே பாதி இடங்களை இழந்தது. கடூனா மாநிலத்தில் 2018 மே மாதம் மின்னணு எந்திரங்கள் வைத்து உள்ளாட்சித் தேர்தல் நடத்தியபோது எதிர்க்கட்சிக்கும் சில சேர்மன் பதவிகள் கிடைத்தன. மக்கள் அதே மக்கள்தான், தேர்தலை நடத்தும் கையோ முறையோ மாறினால் முடிவு மாறுகிறது.

அதனால்தான் சொல்கிறேன். பணத்தை நேராக அனுப்புவது பாதி வேலை. சேர்மனுக்குப் பதவி கொடுத்தவர் ஆளுநராகவே இருந்தால், பணம் உள்ளாட்சியின் கணக்குக்கு நேராகவே வந்தாலும், மறுநாள் சேர்மனே அதை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய வாசலில் கொடுப்பார். பணமும் மேலிருந்து, பதவியும் மேலிருந்து என்றால் பதிலும் மேலேதான் போகும். தீர்ப்பு வந்து ஓராண்டு கழிந்தும் பணம் பெரும்பாலும் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான அச்சத்தையும் சொல்லிவிட வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இந்தத் தீர்ப்பைக் கண்டு மகிழ்ந்தது போலவே பயந்தும் போனார்கள். தொண்ணூறுகளில் ஆசிரியர் சம்பளம் உள்ளாட்சிகளின் பொறுப்பில் இருந்தபோது மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் கிடந்தார்கள். பிறகு சம்பளத்தை மூலத்திலேயே பிடித்துக்கொண்டபோது, பல உள்ளாட்சிகளுக்கு மாதக் கடைசியில் மிஞ்சியது பூஜ்யம். அந்த நினைவு அவர்களை விடவில்லை. உள்ளாட்சிக்கு விடுதலை வேண்டும் என்று மேடையில் முழங்குவது எளிது. அந்த விடுதலையில் ஒரு ஆசிரியையின் சம்பளம் எங்கே நிற்கும் என்பதற்கும் பதில் சொல்லித்தான் முழங்க வேண்டும். என்னைக் கேட்டால், சம்பளத்துக்கான பணத்தை முதலில் ஒதுக்கிப் பாதுகாத்துவிட்டு மீதியை ஊரின் கணக்காக்குவதே சரி.

இனி, மூடிய கதவுகளைத் திறக்க மக்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். ஸம்ஃபாரா மாநிலத்துக்குப் போவோம். வடமேற்கின் வறண்ட நிலம். தங்கத்தின் விலை ஏறியபோது கிராமத்து மக்கள் பாறையை உடைத்து, வீட்டு முற்றங்களில் அரைத்துத் தங்கம் எடுத்தார்கள். அந்தப் பாறையில் ஈயம் இருந்தது. ஈயத் தூசு குழந்தைகளின் உடம்பில் ஏறியது. 2010-இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வந்து கண்டறிவதற்குள் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள்! முதலில் ஏழு கிராமங்களில் விஷம் கலந்த மண்ணை அகற்றித் தூய்மை செய்தார்கள். அங்கா உள்ளாட்சியைச் சேர்ந்த பகேகா என்ற பெரிய கிராமம் மிஞ்சி நின்றது. மண் தூய்மையாகாமல் குழந்தைக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை, திரும்பவும் விஷம் ஏறும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். 850 மில்லியன் நைரா தருவதாக அரசு சொன்னது. மாதங்கள் போயின. பணம் வரவில்லை.

அப்போது ஹம்ஸத் லாவல் என்ற இளைஞரும் அவருடைய தோழர்களும் ஒரு காரியம் செய்தார்கள். பணத்தைப் பின்தொடர்வோம் என்று பெயர் வைத்துக்கொண்டு, பகேகாவுக்குப் போய்ப் படம் எடுத்து, தாய்மார்களின் சொல்லைக் கேட்டு, அதை உலகத்தின் முன் வைத்தார்கள். எங்கே அந்த 850 மில்லியன் என்று நாள்தோறும் கேட்டார்கள். 2013 ஜனவரியில் பணம் வெளிவந்தது. அந்த ஆண்டிலேயே கிராமத்தின் மண் அகற்றப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை கிடைக்க வழி பிறந்தது.

எவ்வளவு பெரிய வெற்றி! அதே நேரத்தில், பகேகாவின் கேள்வி எவ்வளவு தூரம் பயணம் போக வேண்டியிருந்தது என்று பாருங்கள். பக்கத்தில் இருக்கும் அங்கா உள்ளாட்சி அலுவலகத்தைத் தாண்டி, மாநிலத் தலைநகரையும் தாண்டி, அபுஜாவின் காதுக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது. படித்த இளைஞர்களும் இணையமும் துணைக்கு வந்ததால் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு ஹம்ஸத் லாவல் எங்கே கிடைப்பார்?

இதே பாதையில் இன்னொரு முயற்சி. ஒலுசேயுன் ஒனிக்பிண்டேயும் நண்பர்களும் 2011-இல் தொடங்கிய பட்ஜிட் என்ற அமைப்பு, புரியாத பட்ஜெட் ஏட்டைப் படமாகவும் எளிய சொல்லாகவும் மாற்றி மக்களிடம் கொடுத்தது. டிராக்கா என்ற அதன் பிரிவு, உங்கள் ஊருக்கு இந்தக் கிணற்றுக்கும் இந்த வகுப்பறைக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள், வந்ததா பாருங்கள் என்று அச்சிட்ட தாளோடு ஊர்க்கூட்டங்களுக்கே போகிறது. தாள் கையில் வந்ததும் ஊர் பேசத் தொடங்குகிறது. ஆனால் அந்தத் தாளில் பெரும்பாலும் இருப்பது கூட்டரசின் திட்டங்கள். காரணம், கூட்டரசின் பட்ஜெட் வெளியாகிறது. சொந்த உள்ளாட்சியின் பட்ஜெட் அந்தத் தாளில் ஏறும் நாள்தான் வர வேண்டும்.

தென்கிழக்கில் ஊர்ச் சங்கங்கள் பல தலைமுறைகளாகப் பள்ளி கட்டியிருக்கின்றன, சாலை போட்டிருக்கின்றன. லேகோஸிலும் கானோவிலும் பிழைக்கப் போன மகனும் மகளும் சந்தா அனுப்புகிறார்கள். அந்தச் சந்தாவுக்குச் சங்கக் கூட்டத்தில் வரிக்கு வரி கணக்குக் கேட்கிறார்கள். கேட்கும் பழக்கம் அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? தன் பணம் என்று தெரிந்த இடத்தில் கேட்கிறார்கள். உள்ளாட்சிப் பணமும் தன் பணம்தான் என்று தெரியும் நாளில் அங்கேயும் கேட்பார்கள்.

கேட்பதற்குச் சட்டமும் இப்போது துணை நிற்கிறது. 2011-இல் வந்த தகவல் உரிமைச் சட்டம், கேட்ட ஏழு நாளுக்குள் பொது அலுவலகம் பதில் தர வேண்டும் என்கிறது. அது கூட்டரசுக்கு மட்டும்தான், எங்களுக்கு இல்லை என்று பல மாநிலங்கள் பல ஆண்டுகள் வாதாடிக்கொண்டிருந்தன. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை முடித்து வைத்தது. அந்தச் சட்டம் மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றது. அதாவது, மாநிலத்திடம் போய் எங்கள் ஊருக்கு வந்த பணம் எவ்வளவு, நீங்கள் கொடுத்தது எவ்வளவு என்று எழுதிக் கேட்க இனி எவரும் அனுமதி வாங்க வேண்டாம். இந்தத் தீர்ப்புக்கு 2024 தீர்ப்புக்குக் கிடைத்த ஆரவாரம் கிடைக்கவில்லை. எனக்கோ இதுவே அதற்கு இணையாகப் பெரியதாகத் தெரிகிறது. முன்னது சேர்மனுக்குப் பணம் தருகிறது. பின்னது மக்களுக்குக் கேள்வி தருகிறது.

இரண்டு வேலைகள் பாக்கி இருக்கின்றன. உள்ளாட்சித் தேர்தலை ஆளுநரின் கையிலிருந்து விடுவிக்க வேண்டும். தேசிய ஆணையத்திடம் கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். அதற்கு ஏற்கனவே சுமை அதிகம், மாநில ஆணையத்தின் நியமன முறையை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள் வேறு சிலர். நான் முன்னவர்களின் பக்கம். அபுஜாவின் மூன்றுக்கு மூன்று என் கண்முன் நிற்கிறது. இரண்டாவது வேலை இதைவிடச் சிறியது, இன்றைக்கே செய்யக்கூடியது. கூட்டரசு மாதந்தோறும் ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் ஒதுக்கும் தொகையை வெளியிடுகிறது. அந்த எண்ணை மன்றத்தின் வாசலிலும் சந்தையின் வாசலிலும் ஹவுசாவிலும் யொருபாவிலும் இக்போவிலும் அந்தந்த ஊர் மொழியிலும் எழுதி ஒட்ட வேண்டும். சேர்மன் ஒட்டாவிட்டால் ஊர்ச் சங்கம் ஒட்டட்டும், பள்ளி மாணவர்கள் ஒட்டட்டும். பக்கத்திலேயே, இந்த மாதம் சந்தையில் கிழித்த டிக்கெட்டுகளின் வசூல் எவ்வளவு என்று எழுத ஒரு காலி இடம் விடட்டும்.